தோல் முட்டை இடும் விடைக்கோழி: கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கரூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் தீவனக்கடை வைத்திருக்கிறேன். பெரிய பண்ணைக்காரர்கள் என்னிடம் வருவதில்லை. அவர்களுக்கு நாமக்கல் இருக்கிறது. கொல்லையில் நான்கு, மொட்டைமாடியில் ஆறு என்று வளர்ப்பவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். அவர்களில் பாதிப் பேராவது எப்போதாவது ஒருமுறை தோல் முட்டையைப் பற்றிக் கேட்டிருப்பார்கள். படம் காட்டுவார்கள், சிலர் முட்டையையே கொண்டுவருவார்கள். ஒரு பையன் எவர்சில்வர் டம்ளரில் போட்டு, மேலே தட்டு மூடி, சிந்தாமல் சைக்கிளில் எடுத்து வந்தான். அவனுக்குச் சொன்னதையும் மற்றவர்களுக்குச் சொன்னதையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. எங்கே மருத்துவரிடம் போக வேண்டுமோ அங்கே அதைச் சொல்லியிருக்கிறேன்.

"முட்டை பலூன் மாதிரி இருக்கிறது, ஓடே இல்லை. உள்ளே என்னவோ ஆடுகிறது. இது முட்டைதானா?"

முட்டைதான். ஓடு மட்டும் வந்து சேரவில்லை. வேகவைத்த முட்டையை உரிக்கும்போது ஓட்டோடு ஒட்டிக்கொண்டு ஒரு வெள்ளைச் சவ்வு வருமே, அந்தச் சவ்வுதான் இங்கே பையாக நின்று கருவைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் பையன் கொண்டுவந்ததை உள்ளங்கையில் வைத்து டார்ச் அடித்துக் காட்டினேன். மஞ்சள் கரு ஒரு பக்கமாக உருண்டு போய் நின்றது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக மீண்டது.

இதிலேயே சில வகை உண்டு. ஓடே இல்லாதது ஒன்று. காகிதம் போல மெல்லிய ஓடு இருந்து, எடுக்கும்போதே குழிந்து விடுவது இன்னொன்று. மணலைத் தூவியது போலச் சொரசொரப்பாக, ஒரு முனை மட்டும் மெலிந்து வருவது மூன்றாவது. ஊரில் எல்லாவற்றுக்கும் தோல் முட்டை என்றே பெயர். வைத்தியமும் பெரும்பாலும் ஒன்றுதான்.

"முதல் முட்டையே இப்படி வந்திருக்கிறது. கோழிக்கு நோயா?"

பெரும்பாலும் இல்லை. விடைக்கோழிக்கு, அதாவது முதல்முறை முட்டையிடத் தொடங்கும் இளங்கோழிக்கு, உடம்பின் வேலைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகச் சில நாள் ஆகும். கரு ஒரு வேகத்தில் இறங்கும், ஓடு போடும் பை இன்னும் தயாராகியிருக்காது. இந்தக் காலத்தில் தோல் முட்டை வரும், கோலிக்குண்டு அளவில் மஞ்சள் கருவே இல்லாத முட்டை வரும், இரட்டைக் கரு வரும். முட்டைக்கென்றே பண்ணையில் வளர்க்கும் லேயர் இனங்கள் 18 முதல் 20 வாரத்தில் முட்டைக்கு வரும். நாட்டுக்கோழி ஆறேழு மாதம் எடுத்துக்கொள்ளும். எதுவானாலும் முதல் இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் பாருங்கள்.

நான் சொல்லும் கணக்கு இதுதான்: தொடக்கத்தில் ஒன்றிரண்டு தோல் முட்டை வந்து, நடுவே நல்ல முட்டையும் வந்தால் மருந்தைத் தேடாதீர்கள். தொடர்ந்து மூன்று நான்கு முட்டை அப்படியே வந்தாலோ, நல்ல ஓட்டோடு இட்டுக்கொண்டிருந்த கோழி திடீரென்று மாறினாலோ காரணத்தைத் தேடுங்கள். கோழி தின்கிறதா, கொண்டை சிவப்பாக இருக்கிறதா, எச்சம் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் சரியென்றால் பதற்றத்துக்கு இடமில்லை.

"வயிற்றுக்குள் ஓடு எப்போது உருவாகிறது? அதைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்?"

என்ன செய்ய வேண்டும் என்பதே அதில்தான் இருக்கிறது. ஒரு முட்டை உருவாகி வெளியே வர 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. மஞ்சள் கரு இறங்கி, வெள்ளைக்கருவும் சவ்வும் சேர்வதற்கு நான்கைந்து மணி நேரம் போதும். மீதி ஏறக்குறைய 20 மணி நேரமும் ஓடு போடும் வேலைதான். காலையில் முட்டையிட்ட கோழி அரை மணி நேரத்திலேயே அடுத்த கருவை இறக்கிவிடும். அப்படியானால் அந்தக் கருவுக்கு ஓடு எப்போது கெட்டிப்படும்? கோழி குச்சியில் ஏறித் தூங்கிக்கொண்டிருக்கும் இரவில்.

இரவில் அது எதையும் தின்பதில்லை. மாலையில் தின்ற சுண்ணாம்புச் சத்து வயிற்றில் மிச்சம் இருந்தால் அதிலிருந்து எடுக்கும். இல்லாவிட்டால் தன் எலும்பிலிருந்து எடுக்கும். முட்டைக்கு வருவதற்குச் சுமார் இரண்டு வாரத்துக்கு முன்பே விடைக்கோழி தன் கால் எலும்புகளுக்குள் இதற்கென்று ஒரு சேமிப்பைக் கட்டிவைக்கிறது. அந்தச் சேமிப்பு சரியாகச் சேராத விடைக்கோழியும் தோல் முட்டை இடும். சேமிப்பை எடுத்து எடுத்துத் தீர்த்துவிட்ட கோழிக்கு முட்டை கெடுவதோடு காலும் தள்ளாடும்.

"கேழ்வரகு போடுகிறேன், முருங்கைக்கீரை போடுகிறேன். அதில் இல்லாத கால்சியமா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத வாரமே இல்லை. இரண்டும் நல்ல தீனிதான். கணக்கு மட்டும்தான் உதைக்கிறது. 60 கிராம் முட்டையின் ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தின்றதில் பாதியளவுதான் உடம்பில் சேரும் என்பதால், அப்படி ஒரு முட்டைக்கு நாளொன்றுக்கு 4 கிராம் வேண்டும். நாட்டுக்கோழி முட்டை 40, 45 கிராம்தான். அதற்கும் 3 கிராமாவது வேண்டும்.

100 கிராம் கேழ்வரகில் இருப்பது ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு. கோழி ஒரு நாளில் தின்பதே 100 கிராம் சுற்றித்தான். வேறு எதையும் தொடாமல் கேழ்வரகையே தின்றாலும் பத்தில் ஒரு பங்குதான் தேறும். முருங்கைக்கீரையை ஒரு கைப்பிடி கொத்தினால் அதில் பத்தில் ஒரு கிராம்கூட வராது. அரிசி நொய்யிலும் தவிட்டிலும் இன்னும் குறைவு. அதற்கு மேல், தவிட்டில் உள்ள பாஸ்பரஸ் பெரும்பகுதி ஃபைட்டேட் வடிவில் இருந்து, உள்ள கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கிளிஞ்சலிலோ ஒரு தேக்கரண்டிக்குள்ளேயே 2 கிராம் வரை அடங்கிவிடுகிறது.

இதனால் கேழ்வரகை நிறுத்தச் சொல்லவில்லை. அது தீனி, ஓட்டுக்கான சரக்கு அல்ல. பாலக்கீரையை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தை உடம்பில் சேரவிடாது.

"வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து வைத்தால் போதும் என்று பாட்டி சொல்கிறார். வைக்கலாமா?"

பாட்டியின் பேச்சைத் தட்டுவது எனக்குப் பிடிக்காத வேலை. ஆனாலும் வேண்டாம். சுண்ணாம்பு தண்ணீரில் மிகக் குறைவாகத்தான் கரையும். தெளிந்த சுண்ணாம்பு நீர் ஒரு லிட்டரில் ஒரு கிராம் கால்சியம்கூட இருக்காது. கோழி குடிப்பது நாளுக்குக் கால் லிட்டர். அப்படியென்றால் கிடைப்பது 0.2 கிராம். மேலே போட்ட கணக்கில் வைத்துப் பாருங்கள்.

தெளிய விடாமல் பால்போலக் கலக்கி வைத்தால் அளவு கூடும், வாயும் தொண்டையும் வெந்துபோகும். எரிச்சலில் கோழி தண்ணீரே குடிக்காமல் விட்டுவிடும். வெயில் காலத்தில் தண்ணீர் குடிக்காத கோழி இரண்டு நாள் தாங்காது. சுட்ட சுண்ணாம்பும் நீற்றிய சுண்ணாம்பும் சுவருக்குத்தான். கோழிக்கு வேண்டியது சுடாத சுண்ணாம்பு, அதாவது கிளிஞ்சலோ சுண்ணாம்புக்கல் குருணையோ.

"சரி, எதைத்தான் வைப்பது? எவ்வளவு? எப்போது?"

கிளிஞ்சல். தூளாக வேண்டாம், பச்சரிசிக் குருணையிலிருந்து உளுந்து அளவு வரை, 2 முதல் 4 மில்லிமீட்டர் துண்டுகளாக வாங்குங்கள். தூள் வயிற்றில் நிற்காமல் ஓடிவிடும். துண்டோ தீனியை அரைக்கும் தசைப் பைக்குள் தங்கி, இரவு முழுக்க கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். இரவில்தானே ஓடு உருவாகிறது என்று சொன்னேன், அதற்காகத்தான் இந்தத் துண்டு.

தீனியோடு கலக்காதீர்கள். தனிக் கிண்ணத்தில், மழை படாத இடத்தில் எப்போதும் வைத்திருங்கள். முட்டையிடும் கோழிக்குக் கால்சியப் பசி என்று தனியாக ஒன்று உண்டு. மாலை நான்கு, ஐந்து மணிக்கு அதுவே தேடிப் போய்க் கொத்தும். முட்டையிடாத கோழியும் சேவலும் ஒன்றிரண்டு துண்டு கொத்திவிட்டு நகர்ந்துவிடும். அளவு பார்க்கும் வேலையைக் கோழியிடமே விட்டுவிடலாம். கிண்ணத்தைத் தொடாத விடைக்கோழிக்கு மட்டும் மாலைத் தீனியில் ஒரு தேக்கரண்டி தூவி, சிறிது தண்ணீர் தெளித்துப் பிசறி வையுங்கள்.

கிளிஞ்சல் கிடைக்காத ஊரில் நாட்டு மருந்துக்கடையில் கடல்நுரை கேளுங்கள். அது கணவாயின் ஓடு. நொறுக்கிப் போடலாம். விலை சற்று அதிகம். இரண்டு கோழிக்குக் கட்டுபடியாகும், இருபது கோழிக்கு ஆகாது.

"வீட்டில் ஆம்லெட் போட்ட முட்டை ஓட்டைப் போடலாமா? பிறகு முட்டையையே கொத்தித் தின்னப் பழகிவிடாதா?"

போடலாம். கழுவி, வெயிலில் மொரமொரப்பாகக் காயவைத்து அல்லது வாணலியில் வறுத்து, முட்டை ஓடு என்று கோழிக்கு அடையாளம் தெரியாத அளவுக்கு நொறுக்குங்கள். பாதி ஓடாக, ஈரக்கரு ஒட்டியபடி வீசினால்தான் பழக்கம் பிடிக்கும்.

உண்மையில் முட்டை தின்னும் பழக்கம் பெரும்பாலும் தோல் முட்டையில்தான் தொடங்குகிறது. அது தானாக உடைகிறது, கோழி ருசி பார்க்கிறது, அடுத்த நாள் நல்ல முட்டையையும் கொத்திப் பார்க்கிறது. ஆகவே தோல் முட்டை வரும் நாட்களில் காலையில் கூண்டைத் திறக்க ஏழு மணி வரை காத்திருக்காதீர்கள்.

"நேற்றே கிளிஞ்சல் வைத்துவிட்டேன். இன்றும் தோல் முட்டைதான். இது வேலை செய்யவில்லையா?"

இன்றைய முட்டை நேற்றே பாதி வழி வந்துவிட்டது. எலும்பில் தீர்ந்துபோன சேமிப்பும் நிரம்ப வேண்டும். ஒரு வாரம் முதல் பத்து நாள் கொடுங்கள். முதலில் ஓடே இல்லாத முட்டை போய் மெல்லிய ஓடு வரும், பிறகு அது கெட்டிப்படும். இந்த வரிசையில் மாறினால் சரியான வழியில் போகிறீர்கள்.

"நான் பிராய்லர் தீவனம் போடுகிறேன். அது சத்தானதுதானே? லேயர் தீவனம்தான் வாங்க வேண்டுமா?"

பிராய்லர் தீவனம் ஆறு வாரத்தில் கறி சேர்ப்பதற்கானது. அதில் கால்சியம் 1 விழுக்காடு அளவுதான். வளரும் கோழிக்கான குரோயர் தீவனத்திலும் அப்படியே. முட்டைக்கான லேயர் தீவனத்தில் 3.5 முதல் 4 விழுக்காடு வரை இருக்கும். தீவனத்தை மாற்றினாலே பல வீடுகளில் தோல் முட்டை நின்றுவிடுகிறது. மேய்ச்சலுக்கு விடும் நாட்டுக்கோழிக்கு லேயர் தீவனம் கட்டாயமில்லை. புழு, பூச்சி, கரையான், புல் எல்லாம் தின்னும் கோழிக்குக் கிளிஞ்சல் கிண்ணம் ஒன்றே போதும். மொட்டைமாடிக் கோழியின் கதை வேறு. நீங்கள் போடுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

தீவனம் விற்கிறவன் இதைச் சொல்வதால் சந்தேகம் வரலாம். அடுத்த கேள்விக்கு வாருங்கள். அங்கே வாங்காதீர்கள் என்று சொல்கிறேன்.

"குஞ்சும் பெரிய கோழியும் ஒன்றாகத்தான் மேய்கின்றன. எல்லாவற்றுக்கும் லேயர் தீவனமே போட்டுவிடட்டுமா? கால்சியம் கூடினால் நல்லதுதானே?"

வாங்காதீர்கள். முட்டைக்கு வராத குஞ்சுக்கும் வளரும் கோழிக்கும் லேயர் தீவனம் வாரக்கணக்கில் போனால் சிறுநீரகம் கெடும். கூடுதல் கால்சியம் உள்ளே படிந்து, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் வெள்ளைப் பொடியாகப் பூத்துவிடும். மூன்று மாதக் குஞ்சுக்கு ‘சீக்கிரம் முட்டை வரட்டும்’ என்று லேயர் தீவனம் போட்டு இழந்தவர்களை எனக்குத் தெரியும். கலந்து மேய்கிற கூட்டத்துக்கு எல்லாருக்கும் குரோயர் தீவனம், கிளிஞ்சல் மட்டும் தனிக் கிண்ணத்தில். முதல் முட்டை விழுந்த பிறகு, அல்லது விடைக்கோழியின் கொண்டை நன்றாகச் சிவந்து, கை வைத்தால் முதுகைத் தாழ்த்தி உட்காரத் தொடங்கிய பிறகு, லேயர் தீவனத்துக்கு மாற்றலாம்.

"டானிக் வாங்கி ஊற்றிவிட்டால் சீக்கிரம் சரியாகாதா? நாம் சாப்பிடும் கால்சியம் மாத்திரையைக் கொடுக்கலாமா?"

கோழிகளுக்கான கால்சியம் டானிக்கை, டி3 வைட்டமின் சேர்ந்ததாகப் பார்த்து வாங்கி, பாட்டிலில் உள்ள அளவுப்படி ஐந்து நாள் கொடுக்கலாம். உடனடியாகத் தாங்கிப் பிடிக்கும். நிறுத்தியதும் பழையபடி ஆனால் குறை தீனியில் இருக்கிறது என்று பொருள். மாதக்கணக்கில் டானிக் ஊற்றுவது பணத்துக்கும் கேடு, சிறுநீரகத்துக்கும் கேடு.

மனிதருக்கான மாத்திரையை அவசரத்துக்குக் கொடுப்பவர்கள் உண்டு. முக்கிக்கொண்டிருக்கும் கோழிக்கு மருத்துவர்களே சொல்வதுண்டு. அளவை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். டி3 இல்லாமல் எவ்வளவு கால்சியம் கொட்டினாலும் உடம்பில் ஏறாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். கோழிக்கு அந்த வைட்டமின் இலவசமாக வெயிலில் கிடைக்கிறது. நேரடி வெயிலாக இருக்க வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக விழும் வெளிச்சம் உதவாது. தகரக் கூண்டில் நாள் முழுக்க அடைபட்ட கோழிக்குக் காலையில் ஒரு மணி நேரமாவது திறந்துவிடுங்கள்.

"காலையில் குச்சிக்குக் கீழே மஞ்சள் கரு சிந்திக் கிடக்கிறது. முட்டையைக் காணவில்லை. எது இட்டது என்றும் தெரியவில்லை."

தோல் முட்டையை இரவில் தூக்கத்திலேயே நழுவவிடுவது வழக்கம். ஓடு இல்லாததால் இடப்போகிறோம் என்பதே கோழிக்குச் சரியாகத் தெரிவதில்லை. கூடைக்கும் போகாது, கேறவும் செய்யாது. கீழே ஈரமான சவ்வு, காய்ந்த திராட்சைத் தோல் போலச் சுருங்கிக் கிடக்கும். தேடிப் பாருங்கள். பாம்போ எலியோ குடித்தது என்று நினைத்துக் கூண்டைச் சுற்றிப் பொறி வைத்தவர் ஒருவர் உண்டு.

எது என்று கண்டுபிடிக்க இரண்டு இரவு கோழிகளைத் தனித்தனிப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். கீழே பழைய செய்தித்தாள். மறுநாள் எந்தத் தாள் சொல்கிறதோ அதுதான்.

"ஒரே நாளில் இரண்டு முட்டை இட்டது. ஒன்று நல்ல முட்டை, இன்னொன்று தோல் முட்டை. எப்படி?"

விடைக்கோழிக்கு இது வரும். இரண்டு கரு அடுத்தடுத்து இறங்கிவிடுகின்றன. முன்னால் போனதற்கு ஓடு கிடைக்கிறது. பின்னால் வந்தது ஓடு சேருமுன்பே தள்ளப்பட்டு விடுகிறது. நாள் ஒன்றுக்கு இரண்டு முட்டை என்று மகிழ வேண்டாம். அடுத்த நாள் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

சீக்கிரம் முட்டைக்கு வரட்டும் என்று கூண்டில் இரவெல்லாம் பல்பு எரியவிடும் வீடுகளில் இது அதிகம். பகலும் பல்பும் சேர்ந்து 14, 16 மணி நேர வெளிச்சம் கிடைத்தால் உடம்பு முட்டைக்கு விரட்டப்படும். இளங்கோழிக்கு எலும்புச் சேமிப்பு கட்டிமுடிக்க நேரம் கிடைக்காது. பல்பை அணைத்துவிடுங்கள்.

"தை, மாசியில் நன்றாக இட்டது. சித்திரை வந்ததும் ஓடு மெலிந்துவிட்டது. கிளிஞ்சல் கிண்ணம் அப்படியேதான் இருக்கிறது."

வெயில்தான். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. அப்படி இரைக்கும்போது ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. ஓடு என்பது கால்சியம் கார்பனேட். கால்சியம் கிண்ணத்தில் இருந்தாலும் கார்பனேட்டுக்கான சரக்கு மூச்சோடு போய்விட்டது. போதாததற்கு வெயிலில் தீனியும் குறைந்துவிடும்.

நிழல், காற்று, குளிர்ந்த தண்ணீர், இவைதான் மருந்து. மண்பானைத் தண்ணீரை மதியம் ஒருமுறை மாற்றுங்கள். கூண்டின் கூரையில் ஈரச் சாக்கு போடுங்கள். தீனியை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் வையுங்கள். எங்கள் பக்கம் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். கோடையில் இன்னும் கரிக்கும். உப்புத் தண்ணீர் தொடர்ந்து குடித்தால் கால்சியம் எவ்வளவு தின்றாலும் ஓடு கெடும். நீங்கள் குடிக்கும் தண்ணீரையே கோழிக்கும் வையுங்கள்.

"தீபாவளிக்கு மறுநாள் மூன்று கோழியும் தோல் முட்டை இட்டன. பட்டாசு காரணமா?"

காரணம்தான். பயந்த கோழி முட்டையை நேரத்துக்கு முன்பே தள்ளிவிடும், அல்லது உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். நாய் துரத்தினாலும், இரவில் கீரி கூண்டைச் சுரண்டினாலும், வாங்கி வந்து புதுக் கூண்டில் விட்டாலும் இதேதான். இரண்டு மூன்று நாளில் தானாகச் சரியாகும்.

"கோழி காலையிலிருந்து முக்குகிறது, வாலை ஆட்டிக்கொண்டே நிற்கிறது. முட்டை வரவில்லை. எண்ணெய் தடவி விரலால் எடுத்துவிடட்டுமா?"

விரலை உள்ளே விடாதீர்கள். இதுவரை சொன்னதில் நிதானமாகச் செய்ய வேண்டியவைதான் அதிகம். இது ஒன்று மட்டும் அவசரம். கெட்டி ஓடு உள்ள முட்டையைத் தசை பிடித்துத் தள்ளிவிடும். தோல் முட்டை அமுங்கிக் கொடுப்பதால் தள்ள முடியாமல் நின்றுவிடுகிறது. தசை சுருங்கவும் கால்சியம் வேண்டும் என்பதால், குறை உள்ள கோழிக்கு இரட்டைச் சிக்கல். உடம்பை நிமிர்த்தி, வால் தொங்க, இறகைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும்; தின்னாது.

அகன்ற பாத்திரத்தில், குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில் வெந்நீர் எடுத்துக்கொண்டு, கோழியின் பின்பாதி மூழ்கும்படி 15, 20 நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் திமிரும், பிறகு கண்ணை மூடிக்கொள்ளும். துடைத்து, இருட்டான அட்டைப்பெட்டியில் துணி விரித்து விட்டுவிடுங்கள். கால்சியம் டானிக் இருந்தால் கொடுங்கள். பல நேரம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். வராவிட்டால் மாலைக்குள் கால்நடை மருந்தகம். வயிற்றை அமுக்கி உடைத்துவிட்டால் உள்ளே சீழ் பிடித்து இறந்துவிடும். பின்புறம் சிவப்பாகச் சதை வெளியே வந்திருந்தால் மற்ற கோழிகள் கொத்தும். உடனே பிரித்துவிட்டு, அதே மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.

"நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். ஒரு மாதம் ஆகிவிட்டது. இன்னும் தோல் முட்டைதான்."

இப்போது நோயை யோசிக்கலாம். கடந்த சில வாரத்தில் தும்மல், கரகரப்பான மூச்சு இருந்ததா? முட்டையில் சுருக்கம் விழுந்து, உடைத்தால் வெள்ளைக்கரு தண்ணீர்போல ஓடுகிறதா? அப்படியென்றால் மூச்சுக்குழலைத் தாக்கும் ஐ.பி. (இன்ஃபெக்சியஸ் பிராங்கைட்டிஸ்) என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். குஞ்சாக இருக்கும்போதே அது வந்து போயிருந்தால் முட்டைக் குழாய் நிரந்தரமாகக் கெட்டிருக்கலாம். வெள்ளைக்கழிச்சலில் பிழைத்த கோழியும் சில காலம் கோணல் முட்டை இடும்.

கோழி நன்றாகத் தின்கிறது, துள்ளுகிறது, ஆனால் பல கோழிகள் ஒரே நேரத்தில் நிறம் வெளுத்த முட்டையும் ஓடில்லாத முட்டையும் இடுகின்றன என்றால் இ.டி.எஸ். (எக் டிராப் சிண்ட்ரோம்) என்ற இன்னொரு வைரஸ் நோயைச் சந்தேகிக்க வேண்டும். 1976-இல் நெதர்லாந்தில் முதலில் கண்டறிந்த நோய் அது. வாத்துகள் நோய்க்குறி காட்டாமலே அதைச் சுமக்கும். கோழியும் வாத்தும் ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கிற வீடாக இருந்தால் முதலில் அதைப் பிரியுங்கள். இந்த வைரஸ் நோய்களுக்கு மருந்து கிடையாது, தடுப்பூசிதான்.

இன்னும் இரண்டு: ரத்தக் கழிச்சலுக்கு சல்ஃபா மருந்து கொடுத்திருந்தால் அதுவே ஓட்டை மெலிய வைக்கும். பூசணம் பிடித்த மக்காச்சோளமோ கடலைப் புண்ணாக்கோ போட்டிருந்தால் ஈரல் கெடும். டி3 உடம்பில் வேலை செய்ய ஈரல் நன்றாக இருக்க வேண்டும். மூட்டையை முகர்ந்து பாருங்கள். என் கடையில் வாங்கியதாக இருந்தாலும் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

"தோல் முட்டையைச் சாப்பிடலாமா? அடை வைக்கலாமா?"

அடை வைக்க முடியாது. கோழி உட்கார்ந்ததும் உடைந்துவிடும். சாப்பிடுவதைப் பொறுத்தவரை, ஓடுதான் அழுக்கையும் கிருமியையும் தடுக்கும் வேலி. எச்சத்தில் கிடந்ததையும் கீறல் விழுந்ததையும் தூக்கிப் போடுங்கள். கண்ணெதிரே சுத்தமான வைக்கோலில் இட்டு, சவ்வு முழுசாக இருந்தால் அப்போதே நன்றாக வேகவைத்துத் தின்னலாம். நான் தின்பதில்லை, நாய்க்கு வேகவைத்துப் போட்டுவிடுவேன்.

"சில கோழிகளுக்கு எப்போதுமே சரியாகாது என்கிறார்களே. அறுத்துவிடலாமா?"

உண்மைதான், பிறவியிலேயே ஓடு போடும் பை சரியில்லாத கோழிகள் உண்டு. அவற்றுக்கு முட்டை சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் அதிகம். அறுப்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் விருப்பம். சல்ஃபாவோ வேறு மருந்தோ கொடுத்திருந்தால், எத்தனை நாள் கழித்து உண்ணலாம் என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

என் வீட்டில் அப்படி ஒரு சிறுவிடை (சின்ன உடம்புள்ள நாட்டுக்கோழி இனம்) இருக்கிறது, கருஞ்சிவப்பு இறகு. மூன்று வருடமாகப் பார்க்கிறேன். கிளிஞ்சல், டானிக், வெயில், எதற்கும் அசையவில்லை. பத்துக்கு எட்டு முட்டை தோல் முட்டைதான். ஆனால் அடைக்கு உட்கார்ந்தால் அதைப்போல உட்கார எங்கள் தெருவில் வேறு கோழி இல்லை. மற்ற கோழிகளின் முட்டையை வைத்துவிடுவேன். போன மாதம் பதின்மூன்று வைத்ததில் பதினொன்று பொரித்தது. இப்போது கடை வாசலில் சிந்திய நொய்யைக் குஞ்சுகளுக்குக் கிளறிக் காட்டிக்கொண்டிருக்கிறது.